என்னவென்று தெரியும் வரை

உடம்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டால், இது என்ன என்று கேட்பவர்கள் குறைவு. என்ன தடவலாம், எதைச் சாப்பிட்டால் கரையும், எங்கே போனால் எடுத்துவிடுவார்கள் என்றுதான் பேச்சு தொடங்கும். ஒரு வீட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போடுவார்கள். இன்னொரு வீட்டில் மருந்துக்கடையில் சொல்லி ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் வாங்கி வருவார்கள். கையில் காசும் மனதில் அவசரமும் உள்ளவர் நேராக சர்ஜனிடம் போய், "எடுத்து விட்ருங்க டாக்டர்" என்பார். இது எதுவும் செய்யாமல் துணிக்குள் மறைத்துக்கொண்டே ஒரு வருஷத்தை ஓட்டிவிடுகிறவர்களும் உண்டு. நான்கும் வேறு வேறு வழிகளாகத் தெரிந்தாலும் நான்கிலும் ஒரே குறைதான்: கட்டி இன்னதென்று யாருக்கும் தெரியாது. நான் நோயியல் மருத்துவன். கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து அது என்னவென்று எழுதிக் கொடுப்பது என் தொழில். இந்த மேசையில் உட்கார்ந்து பார்க்கும்போது, என்னவென்று தெரிவதற்கு முன்னால் ஒரு கட்டிக்குச் செய்கிற எதுவும் குருட்டாம்போக்குதான் என்றே படுகிறது. தடவுவதும் விழுங்குவதும் மட்டுமல்ல, அறுப்பதும் சும்மா விடுவதும் அதில் சேர்த்தி.

முதலில் பயத்தைக் குறைக்கிற உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மேசைக்கு வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. முதுகிலும் தோளிலும் வருகிற கொழுப்புக் கட்டி, தோலுக்கடியில் அடைத்துக்கொண்டு மேலே கரும்புள்ளியோடு நிற்கும் நீர்க்கட்டி, இளம்பெண்களின் மார்பில் விரலுக்கு நழுவி ஓடும் ஃபைப்ரோஅடினோமா, கழுத்தின் முன்பக்கம் தைராய்டில் வரும் முடிச்சு, சொத்தைப் பல்லாலோ தலையில் பேன் புண்ணாலோ கழுத்தில் கட்டும் நெறி ஆகியவைதான் தினசரி வரவு. இவற்றில் பலவற்றை அனுபவமுள்ள மருத்துவரின் விரல்களே அடையாளம் காணும். எச்சில் விழுங்கும்போது மேலே ஏறி இறங்கினால் தைராய்டு. இருமும்போது புடைத்து, படுத்தால் உள்ளே போய்விட்டால் குடலிறக்கம். நாடியோடு சேர்ந்து விரலைத் தள்ளித் துடித்தால் அது ரத்தக்குழாய் வீக்கமாக இருக்கலாம். அதில் யாரும் ஊசியோடு நெருங்கக் கூடாது. ஆனால் விரல் சொல்வதற்கு ஓர் எல்லை உண்டு. தைராய்டு என்று அது சொல்லும், தைராய்டில் என்ன என்று சொல்லாது. நெறி என்று சொல்லும், ஏன் கட்டியது என்று சொல்லாது. அந்த எல்லைக்கு அப்பால்தான் எங்கள் வேலை.

மக்கள் தாங்களாகவே வைத்திருக்கும் சோதனைகள் மூன்று. வலிக்கிறதா, எவ்வளவு நாளாக இருக்கிறது, பெரிதாகிறதா. மூன்றுக்கும் "இல்லை, ரொம்ப நாள், இல்லை" என்று பதில் வந்தால் நிம்மதியாகிவிடுகிறார்கள். இதில் வலியைப் பற்றிய கணக்கு ஏறக்குறைய தலைகீழ். சீழ்க்கட்டி வலிக்கும், பிளவை உயிர் போகிற மாதிரி வலிக்கும், தொண்டைப் புண்ணால் கட்டிய நெறி தொட்டால் வலிக்கும். மார்பகப் புற்றுநோயோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதேயில்லை. வலிக்காத கட்டியைத் தள்ளிப்போடுகிறார்கள், வலிக்கிற கட்டிக்கு அன்றைக்கே ஓடி வருகிறார்கள். வலி என்பது பெரும்பாலும் உள்ளே அழற்சி நடக்கிறது என்பதற்கான அடையாளம்; உள்ளே இருப்பது நல்லதா கெட்டதா என்பதற்கான அடையாளம் அல்ல.

அளவு பற்றிய கணக்கு இன்னும் சுவாரசியமானது. கட்டி ஓர் உருண்டை. உருண்டையின் கனஅளவு இரண்டு மடங்காக வேண்டுமானால் அதன் குறுக்களவு சுமார் 26 சதவிகிதம் கூடினால் போதும். அதாவது 10 மில்லிமீட்டர் கட்டி 12.6 மில்லிமீட்டர் ஆகும்போது அதிலுள்ள செல்கள் இரட்டிப்பாகிவிட்டன. இந்த இரண்டரை மில்லிமீட்டரைத் தோலுக்கும் கொழுப்புக்கும் மேலிருந்து எந்த விரலும் உணராது. ஒரு சென்டிமீட்டர் இரண்டு சென்டிமீட்டர் ஆகிவிட்டது என்று நம் கைக்குத் தெரியும்போது உள்ளே எட்டு மடங்கு ஆகியிருக்கும். ஆகவே "மூணு மாசமா அப்படியேதான் இருக்கு" என்பவர் பொய் சொல்லவில்லை. அவர் விரலுக்கு அவ்வளவுதான் தெரியும். மெதுவாக வளரும் புற்றுநோய்களும் இருக்கின்றன. தைராய்டிலும் எச்சில் சுரப்பிகளிலும் வருகிற சில வகைகள் வருடக்கணக்கில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். பழைய கட்டி என்பதே நல்ல கட்டி என்பதற்குச் சான்று ஆகாது. பழைய கட்டி திடீரென்று வேகம் பிடித்தால், அது தனியாகக் கவனிக்க வேண்டிய செய்தி.

அப்படியானால் எதைக் கண்டாலும் மறுநாளே ஓட வேண்டுமா? வேண்டியதில்லை. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, கூடவே சளியோ பல்வலியோ இருக்கிறது என்றால் இரண்டு மூன்று வாரம் பொறுக்கலாம். பெரும்பாலான நெறிகள் அதற்குள் வற்றத் தொடங்கிவிடும். குழந்தைகளுக்கு இது சர்வசாதாரணம். மூன்று வாரம் தாண்டியும் நிற்கிற நெறிக்குத்தான் காரணம் தேட வேண்டும். நாற்பதைத் தாண்டியவர், அதிலும் புகையிலையோ பாக்கோ போடுகிறவர் என்றால், கழுத்து நெறிக்கு முன்னால் வாயையும் நாக்கின் அடியையும் தொண்டையையும் பார்க்க வேண்டும். நெறி அங்கிருந்து வந்த விருந்தாளியாக இருக்கலாம். சில இடங்களுக்கு இந்தப் பொறுமையும் கிடையாது. காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் வரும் நெறி, பெண்ணின் மார்பில் தனியாகத் தெரியும் கட்டி, ஆணின் விரையில் வரும் கெட்டிப்பு, தொடையிலோ புஜத்திலோ தசைக்குள் ஆழமாகவோ ஐந்து சென்டிமீட்டருக்கு மேலாகவோ இருக்கிற கட்டி ஆகியவற்றை நாள் கடத்தாமல் காட்டுவது நல்லது. இடது காறைக் குழியில் வரும் நெறிக்கு மருத்துவத்தில் ருடால்ஃப் விர்ஷோ என்ற 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய நோயியலாளரின் பெயரே உண்டு. வயிற்றிலிருக்கும் புற்றுநோய் சில சமயம் அங்கேதான் தலைகாட்டும். மார்புக் கட்டி பெண்களுக்கு மட்டும் என்பதும் சரியல்ல. மார்பகப் புற்றுநோய்களில் நூற்றில் ஒன்று போல ஆண்களுக்கு வருகிறது. அவர்களோ அதை ஜிம் பழக்கத்தால் வந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஊசிப் பரிசோதனை என்றதும் பலர் மனதில் வருவது ஆபரேஷன் தியேட்டர். உண்மையில் அதற்கு ஒரு கட்டில், நல்ல வெளிச்சம், பத்து மில்லி சிரிஞ்ச், தடுப்பூசி போடப் பயன்படும் அளவுள்ள ஊசி இவை போதும். ஊசியின் குறுக்களவு 0.6 மில்லிமீட்டர் அளவுதான். மரத்துப்போக மருந்து போடுவதில்லை, ஏனென்றால் அந்த ஊசியும் இதே அளவுதான் வலிக்கும். இடது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவில் கட்டியை நகராமல் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிட் தடவி, ஊசியை உள்ளே விட்டு, பிஸ்டனை இழுத்துப் பிடித்தபடி வெவ்வேறு கோணங்களில் சில முறை முன்னும் பின்னும் செலுத்துவோம். வெளியே எடுப்பதற்கு முன் பிஸ்டனை விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் எடுத்ததெல்லாம் சிரிஞ்சுக்குள் ஏறி வீணாகும். பிறகு ஊசியைக் கழற்றி, சிரிஞ்சில் காற்றை நிரப்பி, மறுபடி மாட்டி, ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் தள்ளி, இன்னொரு சில்லால் இழுத்துத் தேய்ப்போம். சில சில்லுகள் உடனே ஆல்கஹாலில் போகும், சில காற்றில் உலரும். சாயம் ஏற்றும் முறை இரண்டுக்கும் வேறு. முழுதும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

மைக்ராஸ்கோப்புக்குப் போகும் முன்பே ஊசி பாதி பேசிவிடும். மார்பகப் புற்றுநோயில் ஊசி நுழையும்போது நறநறவென்று ஓர் உராய்வு விரலுக்குத் தெரியும். ஃபைப்ரோஅடினோமா ஊசிக்குப் பிடி கொடுக்காமல் நழுவும். மார்பின் நீர்க்கட்டி என்றால் சிரிஞ்சில் தெளிந்த நீர் வரும், பிடித்திருந்த கட்டி விரல்களுக்கு நடுவிலேயே காணாமல் போகும். அந்தப் பெண்ணின் முகம் அப்போது மாறுவதைப் பார்க்க வேண்டும். கொழுப்புக் கட்டியின் சில்லு உலரவே உலராது, எண்ணெய்த் துளிகள் மினுமினுக்கும். காசநோய் நெறியிலிருந்து வெளிறிய, திரித்திரியான பசை வரும். இதையெல்லாம் வைத்து யாரும் அறிக்கை எழுதிவிட மாட்டார்கள்தான். ஆனால் எந்தச் சில்லை எந்தச் சோதனைக்கு ஒதுக்குவது என்று அந்த நிமிடமே தீர்மானிக்க இந்த அறிகுறிகள் உதவும். திரித்திரியாக வந்தால் ஒரு பகுதியைக் காசநோய்க் கிருமிச் சோதனைக்கு அப்போதே தனியாக எடுத்துவைக்காவிட்டால், நோயாளி இரண்டாவது குத்து வாங்க வேண்டியிருக்கும்.

இனி, எல்லோரும் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். "குத்தினா பரவிடும்ங்கறாங்களே?" இதை மூடநம்பிக்கை என்று சிரித்து ஒதுக்க எனக்கு மனமில்லை. மக்கள் கண்ணால் கண்டதிலிருந்து வந்த முடிவு அது. கட்டி முற்றிய பிறகு ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனார், ஊசி குத்தினார்கள், ஆபரேஷன் செய்தார்கள், ஆறு மாதத்தில் போய்விட்டார். பார்த்தவர்களுக்கு ஊசிதான் காரணமாகத் தெரியும். அதற்கு முன்னால் பத்துப் போட்டு ஓட்டிய ஒரு வருஷம் தெரியாது. கட்டிக்குள் ஊசி விட்டு நோய் கண்டறியும் முறையை நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் ஹேய்ஸ் மார்ட்டினும் எட்வர்ட் எல்லிஸும் 1930-இல் எழுதினார்கள். அவர்கள் கையாண்டது தடித்த ஊசி. பிறகு ஸ்வீடனின் கரோலின்ஸ்காவில் மெல்லிய ஊசி வழக்கத்துக்கு வந்து, உலகமெங்கும் எண்ணற்ற பேருக்குக் குத்தியாகிவிட்டது. மெல்லிய ஊசி போன தடத்தில் புற்றுநோய் முளைத்தது என்பது மிக மிக அரிதான நிகழ்வாகவே பதிவாகியிருக்கிறது. தெரியாமலே விட்டதால் பரவியது என்பதற்கோ எந்தப் புற்றுநோய் வார்டிலும் சாட்சிகள் படுத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பயத்தில் நியாயமான ஒரு துளி உண்டு. விரையில் வரும் கட்டிக்கு விரைப்பையின் தோல் வழியாக ஊசி குத்தக் கூடாது. விரையின் நிணநீர் வயிற்றுக்குள் மேலே போகிறது, விரைப்பைத் தோலின் நிணநீர் தொடை இடுக்குக்குப் போகிறது; குத்தினால் இல்லாத ஒரு பாதையைப் புற்றுநோய்க்கு நாமே திறந்துவிடுவோம். அங்கே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், சில ரத்தப் பரிசோதனைகள், சந்தேகம் உறுதியானால் இடுப்பு மடிப்பு வழியாக விரையை முழுதாக எடுப்பது என்பதுதான் முறை. பதினைந்து முதல் முப்பத்தைந்து வயதுக்குள் அதிகம் வரும் இந்தப் புற்றுநோய் மிக நன்றாகக் குணமாகக் கூடியதும்கூட; கூச்சம் ஒன்றுதான் அதைக் கெடுக்கிறது. கை கால் தசைகளுக்குள் வளரும் சார்கோமா என்ற புற்றுநோயில், பயாப்ஸி ஊசி போகும் தடம் பின்னால் அறுக்கப்போகும் கோட்டிலேயே அமைய வேண்டும், அந்தத் தடத்தையும் சேர்த்து எடுப்பதற்காக. அதனால் ஆபரேஷன் செய்யப்போகிறவர்கள் இருக்கும் இடத்திலேயே பயாப்ஸியும் செய்வது நல்லது. எந்தக் கட்டிக்கு எந்த வழியில் போவது என்று தெரிந்தவர் கையில் ஊசி இருக்க வேண்டும் என்பதுதான் இவற்றின் பொருள்.

என்னவென்று தெரியாமல் மருந்து கொடுப்பதன் விளைவு கழுத்து நெறிகளில்தான் நன்றாகத் தெரியும். நம் நாட்டில் நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோயில் நிணநீர்க் கணுக்களில் வருவதே அதிகம். முன்னோர் கண்டமாலை என்று சொன்ன நோயில் பெரும்பகுதி இதுதான். இதே கழுத்தில், இதே வயதில், ஏறக்குறைய இதே தோற்றத்தில் வருகிற இன்னொன்று லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். இரண்டிலும் மாலைக் காய்ச்சல் வரலாம், எடை குறையலாம், இரவில் வியர்க்கலாம். காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை. அரசு இலவசமாகவே தருகிறது. லிம்போமாவுக்கு அந்த மாத்திரையால் ஒரு பயனும் இல்லை. குத்திப் பார்க்காமல் "டி.பி.யாத்தான் இருக்கும்" என்று மாத்திரையைத் தொடங்கினால், குறையவில்லை என்று உணர்வதற்குள் மாதங்கள் போய்விடும். காசநோய் நெறியே சிகிச்சையின் நடுவில் கொஞ்சம் வீங்குவதுண்டு என்பதால் சந்தேகம் எழவும் தாமதமாகும். இதைவிட மோசம் ஸ்டீராய்டு மாத்திரை. வீக்கம் குறைய என்று மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்கும் அந்த மாத்திரை லிம்போமாவைத் தற்காலிகமாகச் சுருக்கிவிடும். நோயாளிக்கு மகிழ்ச்சி, கடைக்காரருக்கு நல்ல பெயர். சில வாரங்களில் அது திரும்ப வரும்போது எங்களிடம் வரும் சில்லில் செல்கள் சிதைந்து, படிக்க முடியாமல் கிடக்கும். லிம்போமா என்ற சந்தேகம் இருந்தால் மெல்லிய ஊசியோடு நிறுத்தாமல் ஒரு கணுவை முழுதாக எடுத்து அனுப்ப வேண்டியிருக்கும். எங்கள் ஊசிக்கும் எல்லை உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

குற்றத்தை நோயாளியின் தலையிலும் மருந்துக்கடையின் தலையிலும் மட்டும் கட்டிவிட முடியாது. தொடையில் இருப்பது கொழுப்புக் கட்டிதான் என்று ஸ்கேன்கூட எடுக்காமல் லோக்கல் அனஸ்தீஷியாவில் சுரண்டி எடுத்து, எடுத்ததைப் பரிசோதனைக்கும் அனுப்பாமல் வாளியில் போடுகிற சர்ஜன்களும் இருக்கிறார்கள். ஒருவேளை அனுப்பி, சார்கோமா என்று பதில் வந்தாலும், அதற்குள் கட்டியின் செல்கள் அந்தக் காயம் முழுதும் கலைந்திருக்கும். அடுத்த ஆபரேஷன் முதலாவதைவிடப் பெரிதாக இருக்கும். இப்படிப் பார்க்காமல் எடுத்துவிட்டுப் பிறகு திடுக்கிடுவதற்கு மேலைநாட்டு சர்ஜன்கள் "ஊப்ஸ் ஆபரேஷன்" என்று கிண்டலாகப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஆகவே "ஒண்ணுமில்ல, எடுத்துடலாம்" என்று யார் சொன்னாலும், ஒன்றுமில்லை என்பது எப்படித் தெரிந்தது என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. எடுத்த பிறகு பயாப்ஸிக்கு அனுப்புவீர்களா என்பதையும் சேர்த்தே கேட்கலாம்.

படித்தவர்கள் வேறு மாதிரி தப்பிக்கப் பார்க்கிறார்கள். குத்தலே இல்லாமல் ஸ்கேனிலும் ரத்தத்திலும் தெரிந்துவிடாதா என்பார்கள். அல்ட்ராசவுண்டும் மேமோகிராமும் மிகவும் பயனுள்ளவை. நீரா கெட்டியா, ஓரம் சீராக உள்ளதா, வேறு எங்காவது இருக்கிறதா என்று சொல்லும், எங்கே குத்துவது என்று வழியும் காட்டும். மார்புக் கட்டிக்கு மருத்துவரின் கை, படம், ஊசி மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்பதே பொதுவான விதி. மூன்றில் ஒன்று முரண்டு பிடித்தால் மற்ற இரண்டும் நல்லபடி சொன்னாலும் விடுவதில்லை. மார்பகப் புற்றுநோய் என்று உறுதியாக வாய்ப்பிருந்தால் இப்போது சற்றுத் தடித்த ஊசியால் சதைத் துண்டே எடுக்கிறார்கள், எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்ற ஹார்மோன் சோதனைகளையும் அதிலேயே செய்துவிடலாம் என்பதற்காக. பி.இ.டி. ஸ்கேனில் ஒளிர்ந்தால் கேன்சர் என்றும் இல்லை. காசநோயும் அதே பிரகாசத்தோடு ஒளிரும். மாஸ்டர் ஹெல்த் செக்கப் பொதியில் சேர்த்து விற்கும் "கேன்சர் மார்க்கர்" ரத்தப் பரிசோதனைகளைப் பொறுத்தவரை, ஒரு கட்டி என்ன என்ற கேள்விக்கு அவற்றில் பெரும்பாலானவை பதிலே அல்ல. நார்மல் என்று வந்தால் போலி நிம்மதி, கூடுதலாக வந்தால் வேண்டாத பீதி.

மாதாமாதம் மார்பைத் தானே தடவிப் பார்க்க வேண்டும் என்ற அறிவுரையைப் பற்றியும் கேட்பார்கள். அதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை, காரணம் உண்டு. ஷாங்காய் ஜவுளி ஆலைகளில் வேலை செய்த 2,66,064 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இந்தப் பழக்கத்தைக் கவனமாகக் கற்றுக்கொடுத்துப் பல ஆண்டுகள் தொடர்ந்தார்கள். 2002-இல் முடிவு வந்தது: கற்ற பிரிவில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 135, கற்காத பிரிவில் 131. கற்றவர்களில் தீங்கற்ற கட்டிகளுக்கான பயாப்ஸிகள் மட்டும் கூடியிருந்தன. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களிடம் 1998 முதல் நடத்திய ஆய்வு வேறு விதம். பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மார்பைப் பரிசோதித்து, சந்தேகம் வந்தவர்களை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவர்கள் பரிசோதிக்கப்படாத பிரிவில் 47 சதவிகிதம், பரிசோதிக்கப்பட்ட பிரிவில் 37. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களில் இறப்பு ஏறக்குறைய 30 சதவிகிதம் குறைந்தது. மொத்தமாக எல்லா வயதையும் சேர்த்தால் குறைவு அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை என்பதையும் 2021-இல் வெளியான அந்த அறிக்கை ஒளிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்து நான் எடுத்துக்கொள்வது இது: கட்டியைத் தேடி அலைவதில் பலன் குறைவு, தட்டுப்பட்ட கட்டி எத்தனை நாளில் தேர்ந்த கைக்கும் ஊசிக்கும் போய்ச் சேர்கிறது என்பதில்தான் பலன். குளிக்கும்போது எதேச்சையாகத் தெரிந்தால் போதும், அதற்குப் பிறகு சும்மா இருக்காமல் இருந்தால்.

செலவைக் காரணம் காட்டுபவர்களுக்கு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த ஊசிப் பரிசோதனை அன்றாடம் நடக்கிறது என்பதை நினைவூட்டலாம். காரணம் பெரும்பாலும் செலவு அல்ல. பெண் மருத்துவர் இருப்பாரா என்ற தயக்கம், மகள் கல்யாணம் முடியட்டும் என்ற கணக்கு, கேன்சர் என்ற பெயர் வீட்டுக்குள் வந்துவிடுமே என்ற அச்சம் ஆகியவைதான். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேளுங்கள், ஏற்பாடு செய்வார்கள். மற்ற இரண்டும் கட்டிக்குத் தெரியாது.

அறிக்கை கைக்கு வந்ததும் கடைசி வரிக்குத் தாவி, "கேன்சர் இல்ல" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். "போதிய செல்கள் இல்லை" என்று எழுதியிருந்தால் எதுவும் தெரியவில்லை என்றுதான் பொருள், மறுபடி குத்த வேண்டும். தைராய்டு அறிக்கையில் பெதஸ்டா என்ற பெயரில் ஆறு வகைகள் இருக்கும். ஒன்று என்பது இந்தப் போதாமை, இரண்டு தீங்கற்றது, ஆறு உறுதியான புற்றுநோய், நடுவில் உள்ளவை படிப்படியாகச் சந்தேகம் கூடுகிறவை. ஒன்றாவது எண்ணைப் பார்த்து முதல் ரேங்க் என்று மகிழ்ந்து போனவர்கள் உண்டு. தீங்கற்றது என்று வந்த பிறகும் கட்டி வளர்ந்தால் திரும்பக் காட்ட வேண்டும், ஊசி பக்கத்துச் சதையில் பட்டிருக்கக் கூடும். வேறு மருத்துவரிடம் போகும்போது அறிக்கைக் காகிதத்தை மட்டும் கோப்பில் வைத்து எடுத்துப் போகிறார்கள். அந்தக் காகிதம் ஒருவரின் கருத்து. கண்ணாடிச் சில்லுகளும், பயாப்ஸி என்றால் சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டைகளும் ஆய்வகத்தில் பல வருடம் பத்திரமாக இருக்கும். எழுதிக் கேட்டால் கொடுப்பார்கள், கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். இன்னொரு நோயியல் மருத்துவர் அதே சில்லை வைத்து மறுபடி படிக்கலாம், மறுபடி குத்த வேண்டியதில்லை.